சந்தியாகுவின் மிச்சம்

சம்பந்தி வந்து வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து ஜெசிந்தாவுக்குத் தன் புருஷன் வாயைத் திறந்தாலே பயம். கொட்டாவி விட்டால்கூட ஓடிப்போய் ஒரு கரண்டிக் கஞ்சியை ஊட்டி அடைத்துவிடுவாள். ஒரு காலத்தில் அந்த வாய் திறந்தால் கரை முழுக்கக் கேட்கும். இப்போது அதிலிருந்து ஒரு சொல் வந்துவிடக் கூடாதே என்று அவள் மாதாவிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். எந்தப் பெண்டாட்டியாவது இப்படி வேண்டுவாளா? ஜெசிந்தா வேண்டினாள். அந்த இடத்துக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

சம்பந்தி என்றால் மனுஷி இல்லை. தேங்காய் பருமனில் ஒரு வெள்ளைக் குடுவை. முன்னால் ஒரு கண், உள்ளேயிருந்து பெண் குரல். இன்சூரன்ஸ் கம்பெனி அதற்கு 'மீட்புத் துணை' என்று அழகான பெயர் வைத்திருந்தது. மண்டையில் அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், கம்பெனி ஆள் அந்தக் குடுவையைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டுப் போவான். வேண்டாம் என்று சொல்ல முடியாது, சட்டம் அப்படி. ஊர்க்காரர்கள்தான் அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்தார்கள். அது இருக்கும்போது வாய்விட்டுச் சண்டை போட முடியாது, மனம்விட்டு அழ முடியாது, வீட்டில் எது நடந்தாலும் அது பிற்பாடு சபையில் வந்து நிற்கும். வேறு என்ன பெயர் வைப்பது?

சந்தியாகு மீன் ஏலம் கூறுகிறவன். தூத்துக்குடிக்குத் தெற்கே அந்தச் சின்னக் கரையில் இருபது வருஷமாக அவன் கூறினால்தான் ஏலம். போன மாசியில் ஆளில்லாமல் தானே ஓடுகிற ஐஸ் வண்டி ஒன்று பின்னால் வந்து அவனைத் தூக்கி அடித்தது. ஓட்டியவன் இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம். ஜெசிந்தா அந்த வண்டியின் டயரைச் செருப்பால் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

உயிர் பிழைத்தான். கை கால் பிழைத்தது. பேச்சு போயிற்று. எந்தக் கதவு எங்கே போகும் என்பது மறந்து போயிற்று. கண் அசந்தால் எழுந்து நேராகக் கடலுக்குள் நடப்பான். நாம் சொல்வது உள்ளே போகாது, உள்ளே இருப்பது வெளியே வராது என்று பெரிய டாக்டர் கையை விரித்துச் சொல்லிவிட்டார். ஜெசிந்தா மீன் கூடையைத் தூக்கினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அவள் கூடையைத் தூக்கிப் போய்விட்டால் இவனை யார் பார்ப்பது? ஆயுள் முழுக்க ஒரு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தொகை கிடைத்தால் உண்டு. இல்லாவிட்டால் ஒரு நாள் அவள் கரையிலிருந்து திரும்பி வரும்போது வீடு காலியாகக் கிடக்கும்.

சந்தியாகுவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இதைச் சொல்லித்தான் அவள் வக்கீல் குலசேகரத்திடம் அழுதாள். குலசேகரம் மண்டை அடி வழக்கு மட்டுமே எடுக்கிறவர். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் வைத்திருந்தார். அவள் அழுது முடிக்கும்வரை பொறுமையாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விளக்கினார்.

"முன்னாடியெல்லாம் என்ன போச்சுன்னு கணக்குப் பாத்தாங்கம்மா. இப்ப என்ன மிச்சம் இருக்குன்னு பாக்காங்க. மூளைக்குள்ள எந்த மூலையில எது ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அந்தக் குடுவை தேடிப் பிடிச்சு வெளிய கொண்டாந்துரும். வந்ததையெல்லாம் கழிச்சுட்டுத்தான் கம்பெனிக்காரன் குடுப்பான்."

"அவரு பேசினா நல்லதுதான சார்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"தீர்ப்புக்குப் பொறவு பேசினா நமக்கு நல்லது. அதுக்கு முன்னாடி பேசினா அவனுக்கு நல்லது."

அதன் பிறகு அவர் பாடம் நடத்தினார். அந்தப் பாடத்துக்கு அவர்கள் தொழிலில் 'அடக்கம்' என்று பெயராம். செத்தவரைப் புதைப்பதற்கும் அதே பெயர்தானே என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது, கேட்கவில்லை. டிவியை எந்நேரமும் அலற விட வேண்டும், குடுவை பேசுவது அவன் காதில் விழக் கூடாது. சொந்தபந்தத்தை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். கோயிலுக்குக் கூட்டிப்போகக் கூடாது. வீட்டில் சாயங்கால ஜெபமாலை சொல்லவே கூடாது. பேச்சு போனவர்களுக்கும் சின்ன வயசிலிருந்து சொல்லிப் பழகிய ஜெபம் தன்னால் நாக்கில் வந்துவிடுமாம். போன வருஷம் ஒரு கட்சிக்காரர் 'அருள் நிறைந்த மரியே' முழுசையும் சொல்லித் தொலைத்து, பாதித் தொகையை இழந்துவிட்டார் என்று சொல்லும்போது குலசேகரம் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

ஆக, கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு நாள் தவறாத ஜெபமாலை அந்த வீட்டில் நின்றது. பங்குச் சாமியார் நற்கருணை அப்பம் கொடுக்க வந்தபோது ஜெசிந்தா கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, அவர் தூங்குறார் சாமி என்று பொய் சொன்னாள். உள்ளே சந்தியாகு முழித்துக்கொண்டு டிவியில் மார்க்கெட் நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், சந்தியாகுவிடம் உலகத்திலேயே அன்பாக நடந்துகொண்டது அந்தக் குடுவை ஒன்றுதான். அதற்கு அலுப்புக் கிடையாது. கோபம் கிடையாது. இரண்டு நாளில் அந்தக் கரைப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அவனை அண்ணாச்சி என்றும் இவளை அக்கா என்றும் கூப்பிட்டது. விடிந்ததிலிருந்து அவனுக்குச் சுவரில் மீன், படகு என்று படம் காட்டும். பாட்டுப் பாடும். இது என்ன அண்ணாச்சி, வள்ளம், சொல்லுங்க, வ, வ என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கிள்ளியவன் தொட்டிலை ஆட்டினான், பெற்றவள் நின்று வாயைப் பொத்தினாள்.

பொத்தத்தான் செய்தாள். ஒரு மத்தியானம் சந்தியாகு தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தொண்டை ஏறி இறங்கியது. உதடு குவிந்தது. "த... தண்..." என்றான். ஜெசிந்தா பாய்ந்து அவன் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவன் திமிறவில்லை. அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒன்றும் இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், டாக்டர்தான் சொல்லியிருக்கிறாரே.

பிறகு குடுவையின் பக்கம் திரும்பி, எழுதிட்டியா என்று கேட்டாள்.

"எழுதிட்டேன் அக்கா. அரை வார்த்தை."

"நான் வாயப் பொத்தினது?"

"அது எனக்கு வேலை இல்ல அக்கா. அண்ணாச்சிகிட்ட என்ன இருக்குன்னு மட்டும்தான் நான் பாக்கணும். மத்தவங்ககிட்ட என்ன இல்லங்கிறத எழுதச் சொல்லல."

குத்திக்காட்டத் தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா என்று விளங்கவில்லை. அதோடு நிற்காமல் அது இன்னொன்றும் சொன்னது. அடிபட்ட மூளை முதல் ஆறேழு மாதம்தான் புது வழி தேடுமாம். ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் சுற்றி வரப் பார்க்குமாம். அந்தக் காலத்தில் வழி கிடைக்காவிட்டால் அப்புறம் தேடுவதையே விட்டுவிடுமாம். ஜெசிந்தா அன்றைக்கே குலசேகரத்துக்குப் போன் போட்டு, டிவி சத்தத்தில் காதில் விழுவதற்காக ஸ்பீக்கரில் வைத்து, இது நிஜமா என்று கேட்டாள். நிஜம்தான் என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல்.

"ரெண்டும் வேணும்னா எப்படிம்மா? ஒண்ணு ஆளு, இல்லைன்னா தொகை. யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? ஆள் கடலுக்குள் போய்விட்டால் அவன் பேசினால் என்ன, பேசாவிட்டால் என்ன. அவள் டிவி சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தாள்.

விசாரணை நாள் வந்தது. முதல் நாளே குலசேகரம் சொல்லி அனுப்பியிருந்தார், சவரம் செய்யக் கூடாது, தேய்த்த சட்டை கூடாது. தீர்ப்பாயத்து வராந்தாவில் அவரே வந்து சந்தியாகுவைச் சுற்றிப் பார்த்தார். சந்தியாகுவின் இடது கடைவாயில் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. ஜெசிந்தா முந்தானையை எடுத்ததும் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"துடைக்காதீங்கம்மா. நல்லா இருக்கு."

நல்லா இருக்கு! நிமிர்ந்து பார்த்தால் அந்த வராந்தா நெடுகிலும் அப்படித்தான். பெஞ்சு பெஞ்சாக மண்டை அடிபட்டவர்கள். யாருக்கும் தலை சீவவில்லை, யாருக்கும் வாய் துடைக்கவில்லை. ஒரு தாய், காலேஜ் படிக்கிற வயசுப் பையனுக்குச் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் கை அதைச் சரிசெய்யப் போகும், அவள் அந்தக் கையைத் தட்டிவிடுவாள். கறுப்புக் கோட்டுகள் ஒவ்வொரு பெஞ்சாக நின்று, இது தேறும், இது தேறாது என்று பேசிக்கொண்டு நடந்தன. மாட்டுச் சந்தையில்கூட மாட்டைக் குளிப்பாட்டித்தான் கொண்டுவருவார்கள். தூ!

உள்ளே கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் ஒரு சின்னப் பெண், சாந்தமான முகம். ஜெசிந்தாவைப் பார்த்துக் கைகூப்பினாள். கேள்வி எதுவும் கேட்கப் போவதில்லை என்று நீதிபதியிடம் சொன்னாள். வீட்டில் டிவியில் மார்க்கெட் நிலவரம் ஓடும்போதெல்லாம், எண்களைக் கேட்டதும் இவர் உதடு அசைகிறதென்று மீட்புத் துணை எழுதியிருக்கிறது, அதனால் ஒரு சின்னப் பரிசோதனைக்கு மட்டும் அனுமதி வேண்டும் என்றாள். டிவியை அலற வைக்கச் சொன்ன குலசேகரம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒரு ஐஸ் பெட்டி வந்தது. கூடவே நாலைந்து பேர் வந்து அரைவட்டமாக நின்றார்கள், ஏலம் கேட்கிறவர்களாம். பெட்டியைத் திறந்து ஒரு சீலா மீனைத் தரையில் விரித்த தார்ப்பாயில் போட்டார்கள். அரும்பாடுபட்டுத் தேடியிருக்க வேண்டும். முழங்கையைத் தாண்டிய நீளம், கண் இன்னும் மங்கவில்லை, செவுள் செக்கச்செவேல் என்று இருந்தது.

சந்தியாகு மீனைப் பார்த்தான். நின்றவர்களைப் பார்த்தான். மெதுவாக நடந்து போய் மீனின் தலைமாட்டில் நின்று, லுங்கியை மடித்துக் கட்டினான். வேட்டையைக் கண்ட நாய்க்குக் காது நிமிர்வது போல அவன் முதுகு நிமிர்ந்தது.

"ஆயிரம்," என்றான்.

அரங்கமே திரும்பிப் பார்த்தது. ஆனால் வந்து நின்ற கூலி ஆட்களுக்குக் கரை வழக்கம் தெரியவில்லை. ஒருவன் கடையில் கேட்பதுபோலக் கிலோ என்ன விலை என்று கேட்டான். இன்னொருத்தி அடுத்து என்ன சொல்வதென்று கம்பெனி வக்கீலைப் பார்த்தாள். கரையில் யாரும் எடை கேட்பதில்லை, மீனைப் பார்த்து முழு மீனுக்கு விலை சொல்வார்கள். சந்தியாகுவுக்குப் பிடி விட்டுப்போயிற்று. "ஆயிரம்... ஆயிரம்..." என்று அதே இடத்தில் நின்று சுற்றினான். மடித்துக் கட்டிய லுங்கியைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான்.

இதெல்லாம் பழக்கதோஷம், ஒரே வார்த்தைதான் வருகிறது என்று குலசேகரம் எழுந்து சொன்னார். நீதிபதியும் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. இன்னும் நாலு நிமிஷம் ஜெசிந்தா சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

ஆனால் அந்தச் சீலா ஆயிரத்தில் கிடந்தது. கண் மங்காத சீலா. கண்ணை மூடிக்கொண்டு மூவாயிரத்துக்குப் போகிற மீன். இருபது வருஷமாக அவன் வலது கைப்பக்கம் நின்று அவனிடமே ஏலம் எடுத்தவள் ஜெசிந்தா. பெண்டாட்டி என்று ஒரு ரூபாய் குறைத்திருப்பானா அவன்? ஏறினால் ஏறியதுதான். அந்த இருபது வருஷமும் அவளுடைய நாக்கில் உட்கார்ந்திருந்தது, அவளைக் கேட்காமலே எழுந்துவிட்டது.

"ஆயிரத்து இருநூறு," என்றாள்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். இனி என்ன பிரயோஜனம்?

"ஆயிரத்து இருநூறு!" சந்தியாகுவின் குரல் மேற்கூரையில் போய் மோதியது. "இருநூறு இங்கன நிக்கி, முந்நூறு கேளு, சரக்கப் பாரு, செவுளப் பாரு, ஆயிரத்து முந்நூறு, சட்டக்கார அண்ணாச்சி, பாத்துக்கிட்டே இருந்தா மீனு குட்டி போடுமா, ஐநூறு கேளு..." கூலிக்காரர்களுக்கும் உறைத்துவிட்டது, ஆளுக்கொரு விலை கேட்க ஆரம்பித்தார்கள். அவன் எல்லாக் கையையும் பார்த்தான். எல்லா விலையையும் பிடித்தான். யார் நிஜமாகக் கேட்கிறான், யார் சும்மா ஏற்றிவிடுகிறான் என்று கண்டுபிடித்து ஒருத்தனைக் கேலிகூடச் செய்தான். இரண்டாயிரத்து எண்ணூறில் நிறுத்தி, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லிக் கைகளைத் தட்டி முடித்தபோது நீதிபதியின் குமாஸ்தா தன்னை மறந்து கைதட்டினார். சந்தியாகுவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மாசிக்கு அப்புறம் ஜெசிந்தா அதைப் பார்ப்பது அன்றைக்குத்தான். அதைப் பார்த்து அவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

நீதிபதி அவனிடம் பெயரைக் கேட்டார். அவனால் சொல்ல முடியவில்லை. ஜெசிந்தாவைக் காட்டி இது யார் என்று கேட்டார். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. பார்த்தீர்களா என்று குலசேகரம் துள்ளி எழுந்தார். கம்பெனி வக்கீல் அதே சாந்தத்தோடு பதில் சொன்னாள்.

"பேர் சொல்றது அவரோட தொழில் இல்லைங்க ஐயா. ஏலம் கூறுறதுதான் தொழில். அது முழுசா இருக்கு."

அவர் அடிபட்ட பிறகு கரையில் மிஷின்தான் ஏலம் போடுகிறது, இவரை எவன் கூப்பிடுவான் என்று ஜெசிந்தா எழுந்து நின்று சொன்னாள். அது இந்தத் தீர்ப்பாயத்தின் முன் உள்ள பிரச்சினை இல்லை என்று நீதிபதி இரக்கமாகத்தான் சொன்னார். சம்பாதிக்கும் திறன் குறையவில்லை. ஆகவே ஆயுளுக்கும் ஆள் வைக்கும் செலவு தேவையில்லை. அடிபட்ட வலிக்கும் மற்றதுக்குமாகச் சேர்த்து மூன்று லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் குலசேகரம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த சந்தியாகுவின் தோளில் கையை ஊன்றி, அவன் தலைக்கு மேலாகவே பேசினார்.

"மேல் கோர்ட்டுக்குப் போவோம்மா. ஆனா அதுக்குள்ள இந்த ஏலத்தையும் அடக்கியாகணும். மாத்திரை இருக்கு. ரெண்டு மாசம் குடுத்தா போதும், ஆளு சிவனேன்னு உக்காந்திருப்பாரு. ஒண்ணும் மிச்சம் இருக்காது. முழுத் தொகையும் நமக்குத்தான்."

ஜெசிந்தாவின் மனசு ஒரு நொடி கணக்குப் போட்டது. இரண்டு மாசம், மாத்திரை, ஆள் வைக்கிற தொகை. போட்டுவிட்டுத்தான் சீ என்றது. வக்கீலைப் பார்த்து வந்த அருவருப்பைவிட அந்த ஒரு நொடியை நினைத்து வந்த அருவருப்பு பெரிதாக இருந்தது.

சந்தியாகு தோளில் இருந்த வக்கீலின் கையை எடுத்து அப்பால் வைத்தான். எழுந்து நின்றான். ஏலத்துக்கு வந்த சரக்கைக் காட்டுவதுபோலத் தன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

"மூணு லட்சத்து நாப்பதாயிரம்," என்றான்.

குரல் தெளிவாக இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்றார்கள். "மூணு நாப்பது நிக்கி. கேக்கிறவங்க கேளுங்க."

குலசேகரம் பதறிப்போய், கம்பெனி ஆளுங்க வாராங்க, வாயப் பொத்துங்கம்மா என்றார். ஜெசிந்தாவின் கை பழக்கத்தில் எழுந்தது. பாதியில் நின்றுவிட்டது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று அந்த அறையில் நீதிபதி ஒரே ஒரு தடவைதான் வாசித்தார். டிவியில் வந்த எண் இல்லை அது. மீனுக்குச் சொல்கிற விலையும் இல்லை. அவனுக்குப் புரிந்திருக்கிறது. இன்றைக்கு மட்டும் இல்லை, இத்தனை மாசமும் புரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அடக்கம், எச்சில், ஆளா தொகையா, இப்போது சொன்ன மாத்திரை, எல்லாமே அவன் காதில் விழுந்திருக்கிறது. தண்ணீர் கேட்ட வாயை அவள் பொத்தியபோது எதற்காகப் பொத்துகிறாள் என்று தெரிந்துகொண்டேதான் அவளைப் பார்த்திருக்கிறான்.

"ஒரு தரம்," என்றான் சந்தியாகு.

சாட்சிக்குக் கொண்டுவந்திருந்த குடுவையைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வெளியே வந்த கம்பெனி வக்கீல் அப்படியே நின்றாள். குலசேகரம் கண்ணாடியைத் துடைத்தார். யாரும் விலை கேட்கவில்லை.

"ரெண்டு தரம்."

அவன் சுற்றி எல்லாரையும் பார்த்துவிட்டுக் கடைசியில் ஜெசிந்தாவைப் பார்த்தான். அவளுக்கு விலை வரவில்லை. விசாரணை அறைக்குள் தன்னால் எழுந்த அந்த நாக்கு இப்போது கட்டையாகக் கிடந்தது. கேட்பாரற்றுக் கிடக்கிற மீனுக்கு மூன்றாம் தரம் சொல்வதில்லை. அதற்குக் கரையில் வேறு ஒரு வார்த்தை உண்டு. ஏலக்காரன் அதைச் சொல்லிக் காலால் ஒதுக்கிவிட்டால், பெண்கள் வந்து அள்ளிக்கொண்டு போய் உப்பில் போட்டு வெயிலில் காய வைத்துவிடுவார்கள்.

"கருவாட்டுக்கு," என்றான் சந்தியாகு. சொல்லிவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்து, கோணிய வாயால் சிரித்தான்.